ஐநூறாவது அடி

மாசிக் கடைசியில் எங்கள் போர்வெல் காற்றைத் துப்ப ஆரம்பித்தது. மோட்டார் போட்டால் ஐந்து நிமிடம் தண்ணீர், அப்புறம் இருமல், அப்புறம் வெறும் காற்று. 350 அடி போர். பதினாறு வருடம் சோறு போட்டது, அதையும் குறை சொல்லக் கூடாது. தர்மபுரி மாவட்டத்தில், பாலக்கோட்டிலிருந்து மாரண்டஅள்ளி போகிற ரோட்டில் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்களுக்கு இரண்டு ஏக்கர் கொல்லை. ஒரு ஏக்கரில் தக்காளி, பூவும் பிஞ்சுமாக நின்றது. அந்த நேரத்தில் தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நான் முழு விவசாயி இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, பில் புக், எல்லாம் செய்வேன். கொல்லையைப் பார்ப்பது அப்பா. எழுபத்து மூன்று வயது. கால்குலேட்டரைத் தொட்டது கிடையாது, கணக்கில் ஒரு ரூபாய் விட்டதும் கிடையாது.

“வேற வழி இல்ல, புதுசா ஓட்டிட வேண்டியதுதான்” என்றார்.

போர் போடுகிற வண்டிகளின் ஏஜென்ட் இரண்டு பேர் வந்தார்கள். முதலாமவர் அப்பாவுக்குப் பழக்கம், டீக்கடை பெஞ்சிலேயே பேசி முடிக்கிற ரகம். வண்டி வந்து இறங்க 4,000 ரூபாய், அடிக்கு 92. “எவ்ளோ ஆழம் போனாலும் அதே ரேட்டுதாங்க பெரியவரே” என்று சொல்லிவிட்டு டீக்காசையும் அவரே கொடுத்துவிட்டுப் போனார். இரண்டாமவர் என் கடைக்கே வந்தார். அச்சடித்த கொட்டேஷன் தாள், பேனாவால் நிரப்பிய எண்கள், அடியில் ரப்பர் ஸ்டாம்ப், எல்லாம் பக்காவாக இருந்தது. வண்டி வாடகை, ஏற்றி இறக்குவது எல்லாம் சேர்த்து 10,000. அடிக்கு 80. இரண்டுமே திருச்செங்கோட்டு வண்டிகள். அந்த ஊர் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய் போர் போடுகின்றன, பாலக்கோடு அவர்களுக்குப் பக்கத்துத் தெரு மாதிரி.

எவ்வளவு ஆழத்தில் தண்ணீர் கிடைக்கும் என்று தெரிந்தால் கணக்கு ஒரு நிமிட வேலை. அதுதான் தெரியாது. பக்கத்துக் கொல்லைக்காரருக்கு 480 அடியில் கிடைத்தது. அவருக்கு அடுத்தவருக்கு 720. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் 1,000 அடி ஓட்டியும் புகைதான் வந்தது. எங்கள் பக்கம் கீழே முழுக்கப் பாறை. பாறையில் வெடிப்பு ஓடுகிற இடத்தில்தான் தண்ணீர் நிற்கும், வெடிப்பு எங்கே ஓடுகிறது என்பது பாறைக்கே வெளிச்சம்.

அப்பா நீரோட்டம் பார்க்கிறவரைக் கூட்டி வந்தார். அவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு கொல்லை முழுக்க நடந்தார். வேப்பமரத்துக்குத் தெற்கே தேங்காய் எழுந்து நின்றது. “நானூறுக்குள்ள ரெண்டு இஞ்சு தண்ணி” என்றார். தேங்காய் ஏன் எழுந்து நிற்கிறது என்பதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. வீட்டில் அதைச் சொல்வதில்லை.

அன்று ராத்திரி களியும் கீரைக் கடைசலும். மகள் ஒன்பதாம் வகுப்பு. முழு ஆண்டுப் பரீட்சைக்கு வரைபடத்தாளும் ஸ்கேலுமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் கொட்டேஷன் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, மொபைலில் 300 அடிக்கு எவ்வளவு, 400 அடிக்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தேன். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தவர், களி உருண்டையைப் பிட்டபடி கேட்டார்.

“ரெண்டாவது ஆளு மொதல்ல எவ்ளோ கூட கேக்கறான்?”

“ஆறாயிரம்.”

“அடிக்கு எவ்ளோ கொறைக்கறான்?”

“பன்னெண்டு.”

“அப்ப ஐநூறு அடியில ரெண்டும் ஒண்ணாயிடும். அதுக்கு மேல நின்னுட்டா டீக்கடைக்காரன் லாபம். அதுக்கும் கீழ போனா ஸ்டாம்ப்காரன் லாபம்.”

உருண்டையைக் கீரையில் தோய்த்து விழுங்கிவிட்டார். அவ்வளவுதான், கணக்கு முடிந்தது.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் நோட்டில் அந்த நிமிடம் இருந்தது இரு மாறி நேரியல் சமன்பாடுகள். வரைபட முறை, பிரதியிடல் முறை, நீக்கல் முறை, குறுக்குப் பெருக்கல் முறை என்று நான்கு முறை, நான்குக்கும் தனித்தனி மார்க். தாத்தா சொன்னது எந்த முறை என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவளே எழுதிப் பார்த்தாள். எக்ஸ், ஒய் என்று போடாமல் அடி, செலவு என்றே போடச் சொன்னேன்.

செலவு = 92 × அடி + 4,000
செலவு = 80 × அடி + 10,000

இரண்டு செலவும் சமமாகிற இடம் வேண்டும் என்பதால் வலது பக்கங்களைச் சமம் என்று போட வேண்டும்.

92 × அடி + 4,000 = 80 × அடி + 10,000
12 × அடி = 6,000
அடி = 500

“தாத்தா சொன்னதேதான் வருது!” என்றாள். அவளுக்கு விடை ஒன்றாக வந்ததில் ஆச்சரியம். எனக்கு இரண்டாவது வரியில் ஆச்சரியம். அங்கே இருக்கிற 12, 6,000 இரண்டும் அப்பா கேட்டு வாங்கிய அதே இரண்டு எண்கள். ஆரம்பத்தில் எவ்வளவு இடைவெளி, அடிக்கு எவ்வளவு இடைவெளி குறைகிறது, ஒன்றை மற்றொன்றால் வகு. இரண்டு கோடுகள் வெட்டும் இடம் கண்டுபிடிப்பதில் இதைத் தவிர வேறு எதுவும் இல்லை. நான் படித்தபோது இதை யாரும் இப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்கிற நிலைமையில் நான் இருந்திருக்க மாட்டேன், அது வேறு கதை.

500-ஐ இரண்டிலும் போட்டுப் பார்த்தோம். இரண்டிலும் 50,000. சரி.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. நான் அதுவரை ‘எத்தனை அடியில் கிடைக்கும்’ என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. இப்போது கேள்வி சின்னதாகிவிட்டது: 500-ஐத் தாண்டுமா, தாண்டாதா? 480, 720, 1,000 என்கிற பக்கத்துக் கொல்லைகளை வைத்து இதற்கு ஓரளவு பதில் சொல்லலாம். தாண்டும். அப்படியானால் ஸ்டாம்ப்காரர்தான். 700 அடி போனால் டீக்கடைக்காரருக்கு 68,400, ஸ்டாம்ப்காரருக்கு 66,000. 2,400 மிச்சம். அப்பாவுக்கு மட்டும் தேங்காய் சொன்ன நானூறு மனதில் இருந்தது, அரைமனதாகத் தலையாட்டினார்.

மகள் இதையே வரைபடமாகப் போடுகிறேன் என்றாள். படுக்கை அச்சில் 1 செ.மீ = 100 அடி, செங்குத்து அச்சில் 1 செ.மீ = 10,000 ரூபாய். அளவுத்திட்டத்தை மேல் மூலையில் எழுதினாள். அதை எழுத மறந்தால் ஒரு மார்க் போய்விடுமாம். பென்சிலைக் கூராக்கி இரண்டு கோடும் போட்டாள். போட்டதும் முகம் வாடிவிட்டது. இரண்டு கோடும் ஒன்றின் தோள்மேல் ஒன்று சாய்ந்தபடி மேலே போயின. எங்கே வெட்டுகின்றன என்று கண்டுபிடிக்க முடியவில்லை. 450 என்றாலும் சரி, 550 என்றாலும் சரி என்கிற மாதிரி இருந்தது.

அவள் கை நடுங்கியதால் வந்ததில்லை அது. பென்சில் கோட்டின் பருமன் அரை மில்லிமீட்டர் என்று வைத்தாலும் அந்த அளவுத்திட்டத்தில் அதற்குள் 500 ரூபாய் அடங்கிவிடும். 500 ரூபாய் வித்தியாசம் என்பது இங்கே நாற்பது அடிக்கும் மேல். சாய்வு கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கிற இரண்டு கோடுகள் இப்படித்தான், வெட்டும் இடத்தைத் தொட்டுக் காட்டாமல் தடவிக்கொண்டே போகும். பாடப் புத்தகத்தில் வருகிற கோடுகள் கத்தரிக்கோல் மாதிரி பளிச்சென்று வெட்டிக்கொள்ளும், அதற்கென்றே பொறுக்கி எடுத்த எண்கள் அவை.

“அப்ப தாத்தா பண்ண மாதிரி வித்தியாசத்த மட்டும் வரைஞ்சா?” என்றாள்.

இது அவளாகச் சொன்னது, நான் சொல்லிக்கொடுத்ததில்லை. பதிவு செய்து வைக்கிறேன்.

இரண்டு கோட்டுக்குப் பதில் ஒரே கோடு. பூஜ்யம் அடியில் 6,000 ரூபாய் உயரத்தில் தொடங்குகிறது, அடிக்குப் பன்னிரண்டாக இறங்குகிறது. செங்குத்தில் 1 செ.மீ = 1,000 ரூபாய் என்று வைத்ததும் கோடு சறுக்குமரம் மாதிரி இறங்கி 500-இல் படுக்கை அச்சைக் குத்தியது. சந்தேகத்துக்கே இடமில்லை. இரண்டு கோடு எங்கே வெட்டுகிறது என்ற கேள்வி, ஒரு கோடு எங்கே தரையைத் தொடுகிறது என்று மாறிவிட்டது.

அப்புறம் அவளுக்குக் குஷி வந்துவிட்டது. “தாத்தா, டீக்கடைக்காரர்கிட்ட ரெண்டு ரூபா கொறைக்கச் சொன்னா?” 92 இல்லாமல் 90 என்றால் அடிக்கு வித்தியாசம் 10, வெட்டும் இடம் 600. 88 என்றால் 750. 86 என்றால் 1,000. ஒவ்வொரு முறையும் இரண்டே ரூபாய்தான் குறைகிறது, ஆனால் புள்ளி முதலில் 100 அடி நகர்கிறது, அப்புறம் 150, அப்புறம் 250. 82-க்கு வந்தால் 3,000 அடி. 80-க்கே வந்துவிட்டால் இரண்டும் இணைகோடுகள், பாதாளம் வரை போனாலும் சந்திக்காது, ‘தீர்வு இல்லை’. ஸ்டாம்ப்காரரும் வண்டி வாடகையை 4,000 ஆக்கிவிட்டால்? ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும் கோடுகள், எண்ணற்ற தீர்வுகள். போர் தொழிலில் அதுவும் நடக்கும். இரண்டு ஏஜென்ட், இரண்டு கார்டு, கடைசியில் வந்து நிற்பது ஒரே வண்டி.

கேசிங் பைப்பைச் சேர்க்கவில்லையே என்று எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மேல்மண் சரியாமல் இருக்கப் பாறை வரைக்கும் இறக்குகிற குழாய் அது. அடிக்கு 350 என்று இரண்டு பேருமே சொல்லியிருந்தார்கள். எங்கள் கொல்லையில் 60 அடி பிடிக்கும் என்று அப்பா கணக்கு, அப்படியானால் 21,000. கணக்கு முழுக்கத் திரும்பப் போட வேண்டுமோ என்று பயந்தேன். வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே தொகை ஏறினால் இரண்டு கோடும் சேர்ந்து மேலே ஏறும், அவ்வளவுதான். செலவு 50,000 என்பது 71,000 ஆகும், ஆனால் 500 அடி 500 அடியாகவே நிற்கும். வித்தியாசக் கோட்டுக்கு இது நடந்ததே தெரியாது.

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன். இருபது வருடத்துக்கு முன்னால் பெங்களூருவில் ஒரு அச்சகத்தில் வேலை செய்தேன். வாரக் கடைசியில் ரயிலில் வருவேன். ஓசூர், ராயக்கோட்டை, பாலக்கோடு, தர்மபுரி என்று போகிற அந்தப் பாதை அப்போது சிங்கிள் லைன். எதிரே ரயில் வந்தால் யாராவது ஒருத்தர் ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்க வேண்டும். ராயக்கோட்டையில் கிராசிங்குக்காக நான் காய்ந்த நேரத்தைக் கூட்டினால் ஒரு டிகிரி முடித்திருக்கலாம். ரயில்வேயில் வேலை செய்த ஒருத்தர் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். புலம்பிக்கொண்டிருந்த என்னிடம் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். படுக்கையில் நேரம், செங்குத்தில் ஸ்டேஷன்கள். ஒவ்வொரு ரயிலும் ஒரு சாய்ந்த கோடு. நாம் போகிற ரயில் இப்படி ஏறும், எதிரே வருகிற ரயில் அப்படி இறங்கும், இரண்டும் வெட்டும் இடத்தில் கிராசிங். இந்த மாதிரிப் படம் பழைய சமாச்சாரம் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. 1885-இல் பிரான்சில் அச்சான ஒரு நூலில் பாரிஸ்–லியோன் ரயில்களை இப்படியே கோடுகளாகப் போட்டிருக்கிறார்கள்.

சிங்கிள் லைனில் சிக்கல் என்னவென்றால், கோடுகள் வெட்டுகிற புள்ளி ஸ்டேஷனில்தான் விழ வேண்டும். 60 கி.மீ. இடைவெளியில் இரண்டு ரயில் ஒரே நேரத்தில் எதிரெதிரே கிளம்புகின்றன, ஒன்று மணிக்கு 40 கி.மீ., மற்றது 50 என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 60, அது குறைகிற வேகம் 90. நாற்பது நிமிடத்தில் சந்திக்கும். முதல் ரயில் அப்போது கிட்டத்தட்ட 27-ஆவது கிலோமீட்டரில் இருக்கும். கணக்குப்படி சரியான விடை. அந்த 27-இல் மாமரமும் பொட்டல்காடும்தான் என்றால் அந்த விடையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 20-ஆவது கிலோமீட்டரில் ஒரு ஸ்டேஷன் இருக்கிறது என்றால் முதல் ரயிலை அங்கேயே நிறுத்த வேண்டும். அது அங்கே முப்பதாவது நிமிடம் வந்துவிடும், எதிர் ரயில் அங்கே வர நாற்பத்தெட்டு நிமிடம் ஆகும். பதினெட்டு நிமிடம் சும்மா நிற்கிறது. அந்தப் பதினெட்டு நிமிடம் தாளில் ஒரு குட்டிப் படுக்கைக் கோடு. நான் ராயக்கோட்டையில் காய்ந்ததெல்லாம் அந்தப் படுக்கைக் கோட்டின் மேல்தான்.

அந்தக் கதையை மகளுக்கும் சொன்னேன். பாதி கேட்டாள். மீதி நேரம் நோட்டில் நகல் எடுத்துக்கொண்டிருந்தாள். எண்களைச் சரிபார்க்கக் கொட்டேஷன் தாளை இழுத்தவள் திடீரென்று, “அப்பா, இதுல இன்னொண்ணு போட்டிருக்கே” என்றாள்.

“என்ன போட்டிருக்கு?”

“ஸ்டாம்புக்குக் கீழ. 400 அடிக்கு மேல் அடி ஒன்றுக்கு ரூ.20 கூடுதல்.”

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி, அதன் பாதிமேல் ரப்பர் ஸ்டாம்ப் நீலம். அடுத்த நொடி அந்த எழுத்தை எனக்கு அடையாளம் தெரிந்தது. தெரியாமல் இருக்குமா? எட்டு பாயின்ட். பார்டரின் மூலையில் இருக்கிற பூ டிசைன்கூட என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தக் கொட்டேஷன் புக்கை டிசைன் பண்ணிக் கொடுத்தவனே நான்தான். “இந்த ஒரு வரிய மட்டும் கொஞ்சம் சின்னதாப் போட்டுக்குங்கண்ணா” என்று அவர் பக்கத்தில் நின்று சொன்னது வரைக்கும் ஞாபகம் வந்துவிட்டது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மனைவி மட்டும் என் முகத்தைப் பார்த்து, “உங்க கடை வேலையா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

ஏஜென்டுக்கு போன் போட்டேன். 400-க்கு மேல் போனால் முதலில் இருந்தே 100-ஆ, இல்லை மேலே போகிற அடிக்கு மட்டும் 100-ஆ என்று கேட்டேன். “மேல போற அடிக்கு மட்டுந்தாங்கண்ணா, அநியாயமா வாங்குவமா” என்றார்.

மகள் வித்தியாசக் கோட்டைத் திரும்ப வரைந்தாள். 6,000-இல் தொடங்கி இறங்கி வருகிறது. 400 அடியில் வித்தியாசம் 1,200 ரூபாய்தான் பாக்கி. இன்னும் நூறடி போயிருந்தால் தரையைத் தொட்டிருக்கும். அங்கேதான் உடைகிறது. 400-க்கு மேல் ஸ்டாம்ப்காரருக்கு அடிக்கு 100, டீக்கடைக்காரருக்கு 92. குறைந்துகொண்டே வந்த இடைவெளி இப்போது அடிக்கு எட்டு ரூபாயாக ஏறுகிறது. கோடு தரையை நோக்கி வந்து, தொடாமலே திரும்பி மேலே போய்விட்டது. நாங்கள் ராத்திரி முழுக்கக் கொண்டாடிய 500 அடி, 50,000 ரூபாய் என்கிற புள்ளியில் இரண்டு கோடும் சந்திக்கவே இல்லை. 500 அடியில் ஒருத்தருக்கு 50,000, மற்றவருக்கு 52,000. 700 அடி போனால் 2,400 மிச்சம் என்று நினைத்தது 3,600 நஷ்டமாக முடிந்திருக்கும்.

சமன்பாட்டில் தப்பு இல்லை, தீர்த்த விதத்திலும் தப்பு இல்லை. 80 × அடி + 10,000 என்கிற கோடு 400-ஆவது அடியிலேயே முடிந்துபோன கோடு. அது முடிந்தது தெரியாமல் நாங்கள்தான் ஸ்கேலை வைத்து நீட்டிக்கொண்டே போனோம்.

“அப்ப எவ்ளோ ஆழம் போனாலும் டீக்கடைக்காரன்தான்” என்றார் அப்பா. பழகின ஆளுக்கே வேலை கிடைப்பதில் அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம். மறுநாள் பேசி 92-ஐ 90 ஆக்கிவிட்டார். ‘எவ்வளவு ஆழமானாலும் அடிக்கு 90’ என்று எழுதித் தரச் சொன்னேன். தாள் கிடைக்காமல் அந்த வரைபடத்தாளின் பின்பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வண்டி வந்தது ராத்திரி பத்து மணிக்கு. கம்ப்ரஸர் போட்டதும் ஊரே முழித்துக்கொண்டது. போர் வண்டியில் ஒரு ராடு 20 அடி. எத்தனை ராடு இறங்கியது என்று எண்ணித்தான் ஆழம் போடுவார்கள். அப்பா கட்டிலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சட்டையில் இடது பையில் புளியங்கொட்டை, ஒரு ராடு இறங்கினால் ஒரு கொட்டை வலது பைக்குப் போகும். வெள்ளைப் பொடி எங்கள் மேலெல்லாம் மாவு மாதிரி படிந்தது. நானூறு அடி தாண்டியது, ஒன்றுமில்லை. தேங்காய்க்காரரைப் பற்றி யாரும் பேசவில்லை. 27-ஆவது ராடில் பொடி ஈரமாக வந்தது. 31-இல் தண்ணீர் பீய்ச்சியது. இன்னும் ஒரு ராடு இறக்கி நிறுத்தச் சொன்னோம். விடிந்துகொண்டிருந்தது.

வண்டிக்காரர் 33 ராடு என்றார். அப்பா எதுவும் பேசாமல் வலது பையைக் கட்டிலில் கொட்டினார். முப்பத்திரண்டு கொட்டை. வண்டிக்காரர் கொட்டைகளைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், சிரித்துவிட்டார். ஒரு ராடு என்றால் 1,800 ரூபாய்.

640 அடி. வண்டிக்கு 4,000, ஓட்டியதற்கு 57,600, ஆக 61,600. கேசிங் 60 அடிதான் பிடித்தது, 21,000. ஸ்டாம்ப்காரர் ஓட்டியிருந்தால் கேசிங் நீங்கலாக 66,000. தண்ணீர் ஒன்றரை இஞ்சு இருக்கும். தக்காளிக்குப் போதும். குடிக்க ஒகேனக்கல் தண்ணீர் இருக்கிறது. எங்கள் மாவட்டத்து நிலத்தடித் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், அதற்காகத்தான் 2013-இல் அந்தக் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அப்பா என்னவோ தேங்காய்க்காரரை விட்டுக்கொடுக்கவில்லை. “எடம் சரியாத்தானே சொன்னான். ஆழந்தான் கொஞ்சம் முன்னப்பின்ன ஆயிடுச்சு” என்கிறார்.

மகளுக்குப் பரீட்சையில் வரைபடக் கேள்வி வந்தது. விடை சரி. அளவுத்திட்டம் எழுத மறந்துவிட்டாள்.

ஆனி மாதம் ஸ்டாம்ப்காரர் கடைக்கு வந்தார். “போர் நல்லா வந்துச்சாமேண்ணா” என்று கேட்டார். வேறு ஆளிடம் போனதற்கு வருத்தமெல்லாம் இல்லை. கொட்டேஷன் புக் தீர்ந்துவிட்டதாம், அதே மேட்டர், ஐந்து புக் வேண்டும் என்றார். பழைய ஃபைலைத் திறந்தேன். அந்த ஒரு வரியைத் தேர்ந்தெடுத்துப் பன்னிரண்டு பாயின்ட் ஆக்கி, ஸ்டாம்ப் வைக்கிற இடத்துக்கு மேலே தூக்கி வைத்து, புரூஃப் எடுத்துக் கையில் கொடுத்தேன்.

தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். “என்னண்ணா, இது தலைப்பு மாதிரி நிக்குது?”

“படிக்க வசதியா இருக்கட்டும்னுதான்.”

“எட்டே இருக்கட்டுமே.”

“பன்னெண்டு.”

கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி, பத்தாப் போடுங்க” என்றார்.

பத்தாகப் போட்டேன்.